சவுதி கேசட்

புளியங்கொட்டை எடுத்து எடுத்துத் தீர்த்தம்மாளுக்குப் பத்து விரலும் எரிந்தது. நகக்கண்ணில் புளிப்பு ஏறிவிட்டால் சோற்றில் கை வைக்க முடியாது. காலையில் ஒரு வாய்கூட இறங்கவில்லை. அரைநாள் கூலி போனால் போகட்டும் என்று புளி மண்டியிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். முந்தானையில் கேசட்டை முடிந்து வைத்திருந்தாள். நேற்றுத் தபாலில் வந்தது.

அவள் புருஷன் சென்னப்பன் சவுதிக்குப் போய் இரண்டு வருஷம். கட்டடத்தில் கலவை சுமக்கிற வேலை. அவனுக்கு எழுதத் தெரியாது, இவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆள் வைத்து எழுதினால் எழுதுகிறவன் பேச்சுதான் போய்ச் சேரும். அதனால் கேசட். அதுவும் ஒரே கேசட். அவன் பேசி அனுப்புவான். கேட்டுவிட்டு அதன்மேலேயே இவள் பேசி அனுப்புவாள். புதுசு வாங்குவதென்றால் அவளுக்கு மூன்று நாள் கூலி.

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் கவுஸ் பாஷா சினிமாப் பாட்டு ரிகார்டு பண்ணிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். முதல் தடவை கதவைச் சாத்திவிட்டுத்தான் போட்டார். மூன்றாவது தடவை சென்னப்பன் ஒட்டகத்திடம் உதை வாங்கிய கதையைச் சொன்னான். பாஷாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இத நாம மட்டும் கேட்டா பாவம்மா" என்று வாசலில் கட்டியிருந்த ஹார்ன் ஸ்பீக்கருக்கு ஒயரை மாட்டிவிட்டார். ஓசூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டார்கள். காசு வாங்காத மனுஷனிடம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து அதற்குச் சவுதி கேசட் என்று பேராகிவிட்டது. தக்காளிக் கூடைக்காரர்கள்கூட அடுத்தது எப்போது வரும் என்று கேட்டார்கள். பதில் பதியும்போது ஆளாளுக்கு மைக்கைப் பிடுங்கிப் பேசினார்கள். டீக்கடை மாது தன் தம்பிக்கு விசா கேட்டான். சென்னப்பனுக்கும் இந்தக் கூத்து பிடித்துப்போனது. "மாதண்ணா, டீயில தண்ணியக் கொறைங்க, சவுதி வரைக்கும் பேசிக்கறாங்க" என்று அங்கிருந்தே வம்பிழுப்பான். பொண்டாட்டிக்கென்று பேசுவது ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்தது.

இன்றைக்கும் ஹார்னில்தான் ஓடியது. சிரிப்பெல்லாம் முடிந்து கேசட் தீரும் நேரத்தில் அவன் குரல் இறங்கியது.

"தீர்த்தா, இங்க எனக்குப் பேரே இல்ல. மேஸ்திரி நாப்பத்தேழுன்னு கூப்பிடறான். ரூமுல மாரண்டஹள்ளிங்கறானுங்க. நீ உன் வாயால ஒரே ஒரு தடவ என் பேரச் சொல்லி அனுப்பு. போட்டுக் கேட்டுக்கறேன்."

பஸ் ஸ்டாண்டே ஓவென்று கத்தியது. தீர்த்தம்மாளுக்குக் காது சுட்டது. கட்டின நாளாய் அவள் அவன் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளை விட்டுத்தான் சொல்லச் சொல்வாள். பேர் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும்.

"பாய், எல்லாரையும் போகச் சொல்லுங்க. நான் தனியாப் பேசணும்."

"நான் சொன்னா யாரும்மா போறாங்க? நீ பேசு, பட்டன அமுக்கறேன்."

ஒருத்தரும் நகரவில்லை. வெள்ளரிக்காய் விற்கும் பாஞ்சாலி கூடையை இறக்கிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். "சொல்லித் தொலை புள்ள. நீ இங்க சொன்னா, கடல் தாண்டிப் போயா புடிப்பான் எமன்?"

"ஏன், எமனுக்கு விசா கெடைக்காதா?" என்றான் மாது. மறுபடி சிரிப்பு.

ஆளாளுக்குப் பேசி இரண்டு பக்கமும் நிரம்பி, டேப் கொஞ்சமே மிச்சமிருக்கும்போது தீர்த்தம்மாள் மைக்கைப் பார்த்துப் பேசினாள். "நம்ம பொண்ணு செல்வி மூணாவது பாஸ் பண்ணிட்டாளுங்க. ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்குது. நேரத்துக்குச் சாப்பிடுங்க." அத்தோடு நிறுத்தினாள். "சொல்லு! சொல்லு!" என்று கை தட்டினார்கள். உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை.

"அவ சொல்ல மாட்டா. நாமளே சொல்லிடலாம்" என்று மைக்குக்கு எட்டாமல் கிசுகிசுத்தான் மாது. நாற்பது தொண்டைகள் ஒன்றாகக் கத்தின: "சென்னப்பா!" எல்லாரும் ஓய்ந்தபிறகு பாஞ்சாலி, கிண்டலாக, கொஞ்சலாக, மெல்லிசாய் ஒரு இழுப்பு இழுத்தாள்: "சென்னப்பா..." அத்தோடு கேசட் தீர்ந்தது.

அடுத்த தடவை, முதல் பஸ் வருவதற்கு முன்னால் வந்து, பாஷாவையும் வெளியே நிறுத்திவிட்டுச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டே மண்டிக்குத் திரும்பினாள்.

இரண்டு மாதம் கழித்துத் தந்திதான் வந்தது. கட்டடத்துச் சாரம் சரிந்துவிட்டதாம். உடம்பை அங்கேயே புதைத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு நாள் பொம்மிடிக்காரர் சவுரியப்பன் வந்தார். சென்னப்பனோடு ஒரே ரூமில் இருந்தவர். அவர் கொண்டுவந்த தகரப்பெட்டியில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, அந்தக் கேசட்.

ஏதாவது பேசி வைத்திருப்பானோ என்று அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். பாஷா கதவைச் சாத்திவிட்டுப் போட்டார். செல்வி பாஸ் பண்ணியது ஓடியது. ஆட்டுக்குட்டி ஓடியது. கூட்டம் கத்தியது. திருப்பிப் போட்டாலும் அவன் குரலில் ஒரு சொல் இல்லை. அவன் பேசியதையெல்லாம் இவர்களே அழித்துவிட்டுத்தான் பேசியிருந்தார்கள்.

"தெனமும் வேல முடிஞ்சு வந்து இதத்தாம்மா போடுவாரு" என்றார் சவுரியப்பன். "கூட்டம் கத்தறப்போ என் கையப் புடிச்சுக்குவாரு. 'கூச்சத்தப் பாருங்க, எல்லாரும் கத்தி முடிக்கற வரைக்கும் இருந்து, கடசியா எங்கூட்டுக்காரி தனியாச் சொல்றா பாருங்க'ம்பாரு. அந்தக் கொரல மட்டும் பத்து தடவ திருப்பித் திருப்பிப் போடுவாரு."

தீர்த்தம்மாள் பாஷாவைப் பார்த்தாள். பாஷா தரையைப் பார்த்தார். அது யார் குரல் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

கதவை யாரோ தட்டினார்கள். "பாய், சவுதி கேசட் வந்திருக்குதாமே? ஹார்னப் போடுங்க!"

பாஷா ஒரு புதுக் கேசட்டைப் பிரித்து மெஷினில் போட்டார். "ஆசையிருந்தா இப்பச் சொல்லும்மா. நாங்க வெளிய போறோம்." பட்டனை அமுக்கிவிட்டு சவுரியப்பனோடு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். தட்டினவனை அவர் திட்டுவது உள்ளே கேட்டது.

இனிக் குறைவதற்கு அவனிடம் ஆயுசு இல்லை. கேட்டுச் சிரிக்க ஆளும் இல்லை. அவள் வாயைத் திறந்தாள். மூச்சுதான் வந்தது. டேப் சுற்றிச் சுற்றித் தீர்ந்து, பட்டன் டக்கென்று எழும்பியது.

தன் வாயால் ஒரே ஒரு தடவை சொல்லச் சொல்லி அவன் கேட்ட பேர், தீர்த்தம்மாளிடம் இன்னும் பாக்கி இருக்கிறது.