கேரம் ஆட ஒரு டிகிரி

அடையாற்றில் பக்கவாத நோயாளிகளுக்கான அந்த மருத்துவமனையின் மேலாளர் ஜவஹர், வேலை கேட்டு வந்த டெல்பினின் சான்றிதழை மறுபடியும் புரட்டினார்.

"விளையாட்டு வழி சிகிச்சையா? கேரம் ஆடறதுக்கெல்லாமா டிகிரி குடுக்கறாங்க?"

டெல்பினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"வெளிய உக்காரும்மா, யோசிச்சுச் சொல்றேன்."

கூடத்தில் சரோஜாதேவி அம்மாள் உம்மென்று உட்கார்ந்திருந்தார். பிசியோ எவ்வளவு கெஞ்சினாலும் வலது கையை அசைக்க மாட்டேனென்று அடம்பிடிப்பவர் என்றாள் நர்ஸ். டெல்பின் மூலையில் கிடந்த கேரம் போர்டை எடுத்து அவர் எதிரே போட்டு, வேண்டுமென்றே மோசமாக ஆடினாள். பார்க்கப் பொறுக்காமல் அம்மாள் அந்த வலது கையாலேயே ஸ்ட்ரைக்கரைச் சுண்டினார்.

நர்ஸ் போட்ட கூச்சலில் ஜவஹர் ஓடிவந்தார்.

"சபாஷ்! நம்ம பிசியோவக் கூப்புடு, கை குடுக்கணும்!"

பிறகு டெல்பின் பக்கம் திரும்பினார். "உனக்கு இங்க வேலை இல்லம்மா. அந்த போர்டை எடுத்த எடத்துல வெச்சிட்டுப் போ."