ஸ்கேல் வைத்து வெட்டிய இலைகள்

அத்தானுக்குக் கட்டட வரைபடம் போடும் வேலை. கோடு கொஞ்சம் கோணினாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்டவரை நம்பி அக்கா தன் செடியை விட்டுவிட்டு, ஒரு மாத அலுவலகப் பயிற்சிக்குப் போனாள். வாரம் ஒரு தடவை தண்ணீர் ஊற்றினால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அத்தான் தினமும் ஊற்றினார். பாசமாம்.

அது இலையில் பாதி வெள்ளை பாய்ந்த மணி பிளான்ட். அக்கா முதல் சம்பளத்தில் வாங்கியது. நான்கு முறை வாடகை வீடு மாறியபோதும் அதை லாரியில் ஏற்ற விடாமல் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். அத்தானின் கம்ப்யூட்டர் லாரியில்தான் வந்தது.

மூன்றாவது சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தால் தொட்டி காலி. ஜன்னல் விளிம்பில் ஒன்பது ஜாம் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர், தண்ணீரில் ஒற்றை இலை.

"வேர் அழுகிப்போச்சு. அதுக்காக விட்டுடுவேனா? வெட்டி வெச்சு ஒன்பது செடியா ஆக்கிட்டேன். உங்க அக்கா அசந்துடுவா பாரு."

குனிந்து பார்த்தேன். ஒன்பது காம்பும் ஒரே உயரம்.

"எப்படி அத்தான் எல்லாம் ஒரே அளவு?"

"ஸ்கேல் வெச்சு வெட்டினேன். மொதல்ல அடியில குச்சி குச்சியா ஒட்டிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. நறுக்கித் தூக்கிப் போட்டுட்டேன்."

தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. தப்பு செய்தது என் தலை இல்லையே என்று விட்டுவிட்டேன்.

இந்தச் செடியின் தண்டைத் தடவினால், விரல் முட்டிபோல இடைவெளி விட்டுப் புடைப்புகள் தட்டுப்படும். அவைதான் கணுக்கள். ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை, அந்த இலையின் இடுக்கில் தூங்குகிற ஒரு மொட்டு, பக்கத்திலேயே வேர் விடத் தயாராக ஒரு பழுப்பு மேடு. ஒரு முழுச் செடிக்கு வேண்டிய எல்லாம் அந்த அரை அங்குலத்துக்குள் இருக்கிறது. நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். கணு இல்லாத வெறும் இலை தண்ணீரில் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், வேர்கூட விடலாம். ஆனால் இன்னோர் இலை விடாது. மொட்டு இருந்தால்தானே விடும்?

"கோழி வளக்கறேன்னு சொல்லி, முட்டைய குப்பையில போட்டுட்டு இறகை அடுக்கி வெச்சிருக்கீங்க அத்தான்."

"வீடியோல அந்தம்மா இலையத்தான் வெச்சாங்க. முளைச்சுது."

"அது வேற செடியா இருக்கும். முழுசா பாத்தீங்களா?"

"விளம்பரம் வந்துது. நிறுத்திட்டேன்."

"குச்சியெல்லாம் எங்க?"

"காலைல குப்பைப் பையோட கீழ போட்டேன்."

குப்பை லாரி வருவதற்கு முன் இருவரும் கீழே குப்பை அறைக்கு ஓடினோம். பையை நான் கிளறினேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். ஐந்து துண்டுகள் கிடைத்தன. நான்கு, அமுக்கியதும் கூழாக நசுங்கின. அழுகல் வேரிலிருந்து தண்டு வழியே ஏறியிருந்தது. ஐந்தாவது மட்டும் விறைப்பாக இருந்தது, ஒரே ஒரு கணுவோடு. கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே புதிதாக வெட்டி, கணு முங்கும்படி தண்ணீரில் வைத்தேன். இலை இல்லாத தண்டு தனக்குள் சேர்த்து வைத்திருப்பதைத் தின்றே வேர் விட வேண்டும். மெதுவாகத்தான் நடக்கும். அக்கா வர எட்டு நாள்.

ஜன்னல் வரிசை கெடுகிறதென்று அத்தான் அதைக் குளியலறையில் வைத்தார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்ப்பதாகப் போனில் பெருமையாகச் சொன்னார்.

"நிமிஷத்துக்கு ஒருதரம் ஓவனைத் திறந்து பாத்தா கேக் எழும்புமா? வைங்க அதை!"

அக்கா வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். காலித் தொட்டியைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"ஒண்ணு ஒன்பது ஆயிடுச்சு!" என்று அத்தான் ஜன்னலைக் காட்டினார்.

"நிஜமாவா? ஒன்பதுமா?" அக்கா ஒவ்வோர் இலையாகத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். இரண்டில் வேர்கூட விட்டிருந்தது. அத்தான் என்னைக் கெஞ்சலாகப் பார்த்தார். இவர் கட்டிய கட்டடம் எத்தனை நேரம் நிற்கிறது பார்ப்போம் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா முகம் கழுவப் போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இதென்னங்க, அழுக்குத் தண்ணியில ஒரு குச்சி? கொட்டிடறேன்."

நான் எழுவதற்குள் அத்தான் ஓடிவிட்டார்.

"கொட்டாத! அதான் உன் செடி! அது மட்டுந்தான்!"

குளியலறை வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். தினமும் ஊற்றியது, ஸ்கேல், குப்பைப் பை, எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. அவர் வாழ்க்கையிலேயே நேர்க்கோட்டில் போகாத பேச்சு அதுதான்.

அக்கா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பழுப்பு மேட்டைக் கிழித்துக்கொண்டு கடுகளவு வெள்ளை முனை. வெளியே வந்தவள் ஒன்பது பாட்டில்களையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் வந்தாள்.

"இத எங்க வெச்சா நல்லா வரும்?"

"நல்ல வெளிச்சம் வேணும், நேர் வெயில் கூடாது. கணு தண்ணிக்குள்ளயே இருக்கணும். சும்மா சும்மா எடுத்துப் பாக்கக்கூடாது" என்றார் அத்தான். ஒரு வார்த்தை தப்பில்லை.

"உங்கள கேக்கல" என்றாள் அக்கா.