முன்னால் வந்த விண்ணப்பம்

ஜெரால்ட் வீசிய பிளாஸ்டிக் நாற்காலி எட்வினின் நெற்றியில் பட்டு, ஷாமியானாக் கம்பத்தில் மோதி, கால் முறிந்து விழுந்தது. எட்வின் இரண்டடி பின்வாங்கினான். புருவத்துக்கு மேல் பிளந்த இடத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"படியில கால வெச்ச, ஒடச்சிடுவேன்," என்றார் ஜெரால்ட்.

"எங்கம்மாவ பாக்க வந்தேன். உன்ன பாக்க வரல."

"உசுரோட இருந்தப்ப வராதவனுக்கு இப்ப இன்னாடா பாசம்?"

"வரவுட்டியா நீ?"

எட்வினின் மைத்துனன் தப்ரேஸ் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டினான். "வேணாம் மச்சான். சாவு வூடு. வா."

எட்வின் உதறிக்கொண்டு பாய்ந்தான். ஜெரால்டின் சட்டை கழுத்திலிருந்து பை வரை கிழிந்தது. அவர் மகனின் வாயிலேயே குத்தினார். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய கை. எழுபத்தொரு வயதிலும் அதற்கு எடை இருந்தது. ஆறேழு பேர் நடுவில் விழுந்து பிரித்தார்கள். தப்ரேஸ் எட்வினைச் சந்தின் முனைக்கு இழுத்துப் போனான். அழுதுகொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உள்ளே, ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே, லீதியாள் வெள்ளைச் சேலையில் படுத்திருந்தாள்.

ஜெரால்ட் வீட்டுச் சண்டை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது இரண்டே முறைதான். இது இரண்டாவது. ஒன்பது வருடங்களுக்கு முன் எட்வின் வண்ணாரப்பேட்டை இஷ்ரத்தை யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்து, அவளோடு இதே படியில் வந்து நின்றான். ஜெரால்ட் தண்ணீர்க் குழாய்த் துண்டை எடுத்தார். மூன்றாவது அடியில் மகனின் கை எலும்பு முறிந்த சத்தம் அடுத்த வீடு வரை கேட்டது. "இனிமே இவன் பேரு என் வாயில வராது," என்று தெருவறியச் சொன்னார். வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் அந்தக் குடும்பத்தில் பிறந்ததில்லை.

அன்று முதல் லீதியாளும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தாள், சட்டையை இஸ்திரி போட்டாள், ஞாயிற்றுக்கிழமை சபைக்கு அவர் பின்னால் நடந்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

அவரிடம்தான் பேசவில்லை. ஆண்டவரிடம் பேசினாள். தினமும் காலை ஏழு மணிக்கு அடுப்படியில் முக்காடு போட்டு நின்று, கூடத்தில் பேப்பர் படிக்கும் அவருக்கு நன்றாகக் கேட்கும்படி ஜெபித்தாள்.

"தகப்பனே, கொழாவுல வாசர் பூட்ச்சி. ராவெல்லாம் சொட்டிகினே கீது. தகப்பனே, ரேஷன்ல பருப்பு போடறாங்களாம், இன்னிக்கி வுட்டா கெடைக்காது. என் மூட்டு வலிக்கு அந்தப் பச்ச டப்பா தைலம் தீந்துபோச்சி, நீரே பாத்துக்கும்."

ஜெரால்ட் பேப்பரை மடித்துவிட்டுக் கிளம்புவார். மதியத்துக்குள் வாசர் மாறும், பருப்பு வரும், பச்சை டப்பா அலமாரியில் இருக்கும். மறுநாள் காலை, "கொழாவ சரி பண்ணீரே, ஸ்தோத்திரம்," என்று நன்றி மேலே போகும். ஒருமுறை அவர் பொறுக்காமல் சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தார். "வெயில்ல அலைஞ்சி வாங்கியாந்தது நானு, ஸ்தோத்திரம் அவருக்கா?" லீதியாள் பருக்கைகளைக் கூட்டி அள்ளினாள். மறுநாள், "தகப்பனே, தட்டு நசுங்கிடுச்சி," என்றாள். புதுத்தட்டு வாங்கி வந்தார்.

எல்லா விண்ணப்பங்களும் முடிந்த பிறகு கடைசியாக ஒன்று வரும். "தகப்பனே, என் புள்ள எட்வின இந்த வூட்டுக்குக் கூட்டியாரும்." அந்தப் பெயர் காதில் விழுந்ததும் ஜெரால்ட் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறிவிடுவார். ஒன்பது வருடத்தில் அவர் செய்துகொடுக்காதது அது ஒன்றுதான்.

இப்போது அவர் கூடத்தில் கிழிந்த சட்டையோடு நின்று, எல்லோரும் கேட்கச் சொன்னார்: "அவன நெனச்சி நெனச்சித்தான் அவ மாரு வெடிச்சா. அவன்தான் கொன்னான்."

பக்கத்துப் போர்ஷன் வரலட்சுமி தலைமாட்டிலிருந்து எழுந்தாள். இருபது வருடமாக ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள்.

"யாரு கொன்னாங்கோ? நான் சொல்லட்டா பெருசு?"

"நீ இதுல வராத."

"நேத்து லீதியாக்கா புள்ள பேர முதல்லயே சொல்லிச்சி. எப்பவும் கடைசியா சொல்றத முதல்ல சொல்லிச்சி. அதுக்கப்புறந்தான், 'தகப்பனே, மாரு வலிக்குது, இடது கை மரத்துப்போவுது, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவச் சொல்லும்'னு ஜெபம் பண்ணிச்சி. ரெண்டு வாட்டி. நான் இந்தாண்ட அரிசி களைஞ்சிகினு இருந்தேன். நீ கூடத்துல கீற, எப்பவும் போல கேட்டுட்டு செஞ்சிடுவன்னு நெனச்சிகினேன். நீ அப்பவே டீக்கடைக்கிப் பூட்டன்னு இன்னிக்கித்தான் எனக்கே தெரியும்."

ஜெரால்ட் கையை ஓங்கினார்.

"அடி," என்றாள் வரலட்சுமி. முகத்தை இன்னும் முன்னால் கொண்டுவந்தாள். "எனக்கும் ரெண்டு குடு. செவுத்த தட்டி ஒரு கொரல் குடுக்காம இருந்தேனே, அதுக்கு அடி."

ஓங்கிய கை சுவரில் இறங்கியது. மீண்டும் இறங்கியது. மூன்றாவது குத்தில் காரையோடு விரல் முட்டியின் தோலும் பெயர்ந்தது. யாரும் பிடிக்கவில்லை.

நேற்றைய காலை அவருக்குத் தெளிவாக இருந்தது. அந்தப் பெயர் வந்ததும் ஜெபம் முடிந்தது என்றுதான் எழுந்தார். இன்றைக்கு ஒன்றும் வேண்டாம் போலிருக்கிறது என்றுகூட நினைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது அவள் அடுப்படியில் முக்காட்டோடு கவிழ்ந்து கிடந்தாள். அரிசி உலையில் குழைந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்குச் சவப்பெட்டியை மூடினார்கள். இறந்துபோன தம்பியின் மகன்கள் இருவர் பின்பக்கம் நின்றார்கள். முன்பக்கம் வலதில் ஜெரால்ட். இடது பக்கத் தோள் பிள்ளையுடையது. பாஸ்டர் சந்தின் முனையைப் பார்த்தார். அங்கே டீக்கடைப் பலகையில் எட்வின் உட்கார்ந்திருந்தான். தப்ரேஸ் அவன் நெற்றியில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டிருந்தான்.

"ஐயா, ஒரு வார்த்த கூப்புடுங்க," என்றார் பாஸ்டர் மெதுவாக.

ஜெரால்ட் தலையை அசைத்தார். தெருவறியச் சொன்ன சொல் அது. தெருவே நின்றுகொண்டிருந்தது.

"அப்ப வேற ஆள நிறுத்தட்டுமா? நேரமாவுது. கல்லறையில குழி தயாரா கீதாம்."

பெட்டியை ஒட்டி ஒரு பையன் நகர்ந்து வந்தான். ஜெரால்ட் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். பிறகு, சபையில் ஐம்பது வருடம் உட்கார்ந்தும் ஒருநாள்கூட வாய்விட்டு ஜெபிக்காதவர், பெட்டியின் மேல் கையை வைத்துத் தலையைக் குனிந்தார்.

"ஆண்டவரே."

குரல் சந்தின் முனை வரை போகவேண்டும். இன்னும் உரக்கச் சொன்னார்.

"ஆண்டவரே, பொட்டி கனமா கீது. முன்னால ஒரு தோளு கொறையுது."

அவ்வளவுதான் வந்தது. மெயின் ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி நீளமாக ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"ஆமென்," என்றாள் வரலட்சுமி, சத்தமாக. நெற்றியில் குங்குமத்தோடு அவள் அதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

எட்வின் எழுந்து வந்தான். வந்த வேகத்தில் அப்பாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அறைந்தான். ஜெரால்டின் பின்மண்டை செங்கல்லில் மோதியது. தம்பி பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஜெரால்ட் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். தன் கையை மேலே தூக்கவில்லை.

"ஒம்போது வருசம்," என்றான் எட்வின். பல்லிடுக்கில் ரத்தம் இருந்தது. "அம்மா தெனம் போன்ல அழுவும். 'நான் கேட்டுகினேதான்டா கீறேன்'னு சொல்லும். அது கேட்டது உன் காதுல விழலியா?"

"விழுந்துச்சி," என்றார் ஜெரால்ட்.

கழுத்தை நெரித்த விரல்கள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக விலகின. எட்வின் திரும்பி, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்து, பெட்டியின் இடது முனைக்குக் கீழே குனிந்தான்.

பாஸ்டர் சொன்னதும் நால்வரும் தூக்கினார்கள். பெண்களின் ஓலம் ஒரேயடியாக எழுந்தது. சந்தில் இரண்டு ஆள் ஒட்டி நடக்கத்தான் இடம் இருந்தது. முன்னால் இருந்த இருவரின் நடையும் சேரவில்லை. பெட்டி ஒருபக்கம் போனது, மறுபக்கம் வந்தது. அடுத்த வீட்டு வாசல் வரை அப்படியே போனார்கள். எட்வின் வேகத்தைக் குறைக்கவில்லை. ஜெரால்ட் ஓர் அடியைப் பாதியில் நிறுத்தி, காலை மாற்றி வைத்தார்.

பெட்டி ஆடுவது நின்றது.