முத்துராணியின் மூக்கு

1

இந்தக் கதை ஒரு கூடைக் காளானில் தொடங்கியது. சேரன்மகாதேவியில் காளான் வாங்கப் போனபோது, அதை வளர்த்து விற்கும் சுடலைக்கண்ணு ஒரு கூடையை மட்டும் விற்காமல் தள்ளி வைத்திருந்தான். உள்ளே கிடந்தவற்றுக்குக் காம்பு விரல் நீளம், குடை சட்டைப் பொத்தான் அளவு. ஏன் இப்படி என்று கேட்டேன். "மூச்சு முட்டி வளந்தது அண்ணாச்சி" என்றான். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

'இருண்ட அறைக்குள், மர்மமான வெள்ளைக் குடைகள்...'

(அடித்துவிட்டேன். அந்த அறையில் நல்ல வெளிச்சம் உண்டு. மர்மம்தான் கிடையாது.)

2

ஐந்து வருடத்துக்கு முன்பு வந்த காய்ச்சலில் சுடலைக்கண்ணுக்கு வாசனை தெரியாமல் போனது. பிறகு திரும்பவேயில்லை. ஒருநாள் பால் அடிப்பிடித்துப் புகைய, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மனைவி முத்துராணி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். அன்று அவன் முகம் போன போக்கை அவள் மறக்கவில்லை.

(இங்கே அவனைப் புலம்பவிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஆள் அப்படிப்பட்டவன் இல்லை. எடுத்துவிட்டேன்.)

பின்கட்டு அறையில் சிப்பிக் காளான் போட்டான். வைக்கோல் அடைத்த பைகளை உறி மாதிரித் தொங்கவிட்டு வளர்ப்பது. காளானும் நம்மைப்போல மூச்சு விடும். அந்தக் கெட்ட காற்றை வெளியே தள்ளச் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் பேன். அதோடு சேர்ந்து புளித்த வைக்கோல் வாடையும் போய், பக்கத்து வீட்டு ஆபிதா பீவியின் சன்னலுக்குள் நுழைந்தது. ஆபிதா பீவி முத்துராணியிடம் சொன்னாள். முத்துராணி புருசனிடம் சொல்லவில்லை. அவன் கேட்கும்போதெல்லாம் வாடையே இல்லை என்றாள். ஒரு வருடம் இப்படியே ஓடியது.

3

மகள் தஸ்மியாவைப் பெண் பார்க்க வரும் நாள் நெருங்கியதும், ஆபிதா பீவி நேராக அவனிடமே வந்தாள்.

"தப்பா நெனைக்காதீய அண்ணே. மாப்பிள்ளை வீட்டுக்காரவ வாராவ. அன்னைக்கு மட்டும் அந்த பேனை நிப்பாட்டுவியளா?"

தெருவுக்கே தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று அவனுக்கு உடம்பு கூசியது. பேனை நிறுத்தினான். அந்த வாரமே கரி பில்டர் ஒன்று வாங்கினான். கரித்துண்டுகள் நிறைத்த தகர உருளை. பேனின் வாயில் மாட்டினால் வாடையைக் கரி பிடித்துக்கொள்ளும்.

பிடித்துக்கொண்டது. ஆனால் பத்தே நாளில் காளான் குடை சிறுத்துக் காம்பு நீண்டது. எலக்ட்ரீசியன் தேவதாசன் வந்து, காற்று வெளியேறும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தான். பேன் பழையபடிதான் சுற்றுகிறது, ஆனால் காற்று கரிக்குள் நெருக்கியடித்து வருவதால் பாதிதான் வெளியே போகிறது என்றான். உருளை பெரிதாக வேண்டும், பேனும் அதற்குத் தக்க பலமாக வேண்டும்.

(கரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.)

4

தேவதாசன் போனபின் அவன் முத்துராணியிடம் கேட்டது ஒன்றுதான். ஏன் சொல்லவில்லை?

"பால் கரிஞ்ச அன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாத்தேன். இன்னொருக்க பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவன் கரி உருளையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"ஒன் மூக்குதான் எனக்கும். அது பொய் சொன்னா நான் எங்கன போவேன், முத்து?"

அவள் அழுதாள். (அழவிடக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.)

5

பெரிய உருளையும் புது பேனும் வந்தன. அடுத்து வெடித்த காளான்கள் உள்ளங்கை அகலம். அவன் அவளைப் பின்சுவருக்கு வெளியே கூட்டிப்போய், காற்று வரும் இடத்தில் நிறுத்தினான். உள்ளதைச் சொல்லு, வாடை வருதா என்று கேட்டான். அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

'ஒண்ணுமே இல்ல' என்று அவள் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். நீங்கள் நம்பமாட்டீர்கள். அவனும்தான். 'லேசா இருக்கு' என்று இன்னொன்று. அதில் அவன் சிரிக்கிறான், ஆனால் அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றால், எனக்கு ஒரு வாரமாகச் சளி. நீங்கள் அந்தப் பக்கம் போனால் பின்சுவருக்குப் பக்கத்தில் நின்று பைய மூச்சை இழுங்கள். முத்துராணியைக் கேட்க வேண்டாம். வந்தால் வந்தது, வராவிட்டால் வரவில்லை. எதுவானாலும் அவனிடமே சொல்லிவிடுங்கள்.