தலைகீழாய்க் கோத்த அட்டை

ஆடிக் கிருத்திகையன்று போன கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் கதிரவனின் வீடியோ கேம் பெட்டி கருகிப்போனது. போனால் போகட்டும் என்று விட முடியுமா? அம்மையார்குப்பத்தில் அவன் தெருவே பதினோரு பேராக அதற்குள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகச் சேர்த்த டீம். இளம்பிள்ளைவாதத்தில் ஒரு கால் சூம்பிய தறி நெசவாளி கதிரவன், அதில் ஒன்பதாம் நம்பர் போட்டுக்கொண்டு மைதானம் முழுக்க ஓடுவான்.

மீட்டுத் தருகிறேன் என்று வாய்விட்டவள் அவன் மனைவி தேவிப்பிரியா. திருத்தணி கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவள். ஞாயிறும் வகுப்பு என்பதால் தெரு கூடி ஆடுவதை ஒருநாளும் பார்த்ததில்லை. பெட்டியோ சரியான கல்லுளிமங்கன்! அதன் ஹார்ட் டிஸ்க் சொந்த போர்டுக்கு மட்டுமே திறக்கும். கருகிய போர்டின் சின்ன சிப்பிலிருந்து பூட்டின் சாவியைப் படித்தெடுக்கவே ஒரு மாதம் ஆனது. பெயர்கூட வாசிக்க முடியாதபடி கலைத்து வைத்திருந்த டீம் ஃபைலை வேறொரு பெட்டியில் போட்டால், ஃபைல் கெட்டிருக்கிறது என்று துப்பியது. விடுவாளா? கேமின் புரோகிராமையே பிரித்துப் படித்தாள். ஃபைலை அந்தந்தப் பெட்டியின் எண்ணோடு சேர்த்துக் கூட்டி, விடையைக் கடைசியில் முத்திரையாக வைக்கிறது என்று கண்டுபிடித்தாள். தானும் கூட்டி எழுதினாள். மறுபடியும் துப்பியது.

ஞாயிறு மதியம் கதிரவன் சென்டருக்கு வந்தான்.

"போதும் தேவி, வுட்டுடு. வேற டீம் கட்டிக்கலாம்," என்றான்.

"இத்த பாருங்க பாவா. இந்தப் புதுப் பெட்டி தானா சேவ் பண்ண வேற ஃபைலு. கடைசில 95 77 40 12ன்னு இருக்குது. அதையே நான் கூட்டினா 12 40 77 95 வருது. எங்க தப்பு பண்றேன்னே தெரியல."

கதிரவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னாடி இது, கேமு பண்ணவன் அட்டையைக் கடைசிலருந்து கோத்து வச்சிகினு இருக்கான்! போன தீபாவளிக்கு நான் பண்ணல? சேலை டிசைனுக்கு ஓட்டை போட்ட அட்டை அத்தினியும் சரி, தறில கோத்தது தலைகீழு. முந்தானை மயிலெல்லாம் காலைத் தூக்கிகினு நின்னுச்சே!"

"ஆங்!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். விடையைக் கடைசியிலிருந்து மாற்றி எழுதினாள். டீம் திறந்தது.

பதினோரு பெயரும் வரிசையாக வந்தன. ஒன்பதில் கதிரவன். ஒன்றில், கோல் கீப்பராக, தேவி.

"ஐயய்யோ, ஆம்பளைங்க நடுவுல என்னை எதுக்குப் போட்டீங்க?"

"நம்ம தெரு கஜபதிகூட இதுக்குத்தான் சண்டைக்கு வந்தான். நான் பாட்டுக்கு முன்னாடி ஓடிகினு இருப்பேன். பின்னால தைரியமா வுட்டுட்டுப் போக எனக்கு வேற யார் இருக்கா?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாலை வகுப்புக்கு லீவு சொல்லிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவனோடு ஊருக்கு பஸ் ஏறினாள்.