கழுதை வந்திருக்கு

என் கணவன் லஹ்சென் எந்த நாட்டிலிருந்து ஃபோன் பண்ணினாலும் முதலில் கடலைத்தான் விசாரிப்பான். "கடல் எப்படி இருக்கு?" என்பான். அதற்குப் பதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் நான் சாப்பிட்டேனா, கூரை ஒழுகுகிறதா, அவன் அம்மாவின் முழங்கால் தேவலையா என்பதெல்லாம். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. அதில் அவன் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வருஷம் தேறினால் அதிசயம்.

என் பதிலும் ஒன்றேதான்: "தட்டு மாதிரி கிடக்கு." அலையே இல்லை என்று அர்த்தம். உண்மையில் கடல் எப்படி இருந்தாலும் இதுதான் பதில். இந்தப் பொய்யை நான் மட்டும் சொல்வதில்லை, ஊரே சேர்ந்து சொல்கிறது. முடிவெட்டுகிறவர், மீன் ஏலம் விடுகிறவர், படகுக்காரர் பிஹி, எல்லோரும் அவனிடம் ஃபோனில் அதையேதான் சொல்வார்கள்.

காரணம், கழுதை. எங்கள் முனையில் கழுதை படுத்திருப்பதுபோல ஒரு பாறை உண்டு. மழைக்காலத்தில் ஆறு பெருகி, பாறைக்குப் பக்கத்தில் மணலைக் கொட்டிவிட்டுப் போனால், வடமேற்கிலிருந்து கடல் பொங்கும் நாட்களில் அங்கே ஓர் அலை எழும்; அதற்கும் கழுதை என்றுதான் பெயர். பாறையடியில் அதைப் பிடித்தவன் துறைமுகச் சுவர்வரை நின்றபடியே வரலாம். சில வருஷம் வரவே வராது. வந்தாலும் மணல் கரைவதற்குள் பத்து நாளோ பதினைந்து நாளோதான். லஹ்சென் பன்னிரண்டு வயதில், ஒரு ஜெர்மன்காரன் விட்டுப்போன உடைந்த அலைச்சறுக்குப் பலகையைப் படகுக்குப் பூசும் பசையால் ஒட்டிக்கொண்டு, இந்த அலையில்தான் கற்றுக்கொண்டான். பதினேழு வயதில் நாட்டின் சாம்பியன். இருபத்துமூன்றில் ஒரு கம்பெனி அவன் பலகையில் தன் பெயரை ஒட்டி, விசா வாங்கிக் கொடுத்து, உலகத்துக்கு அனுப்பியது. போன இடத்திலெல்லாம் நல்ல அலைகள்தான். ஆனாலும் அவனுக்குக் கழுதைதான் வேண்டும். எனக்குச் சக்களத்தி ஒரு கழுதை என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

கல்யாணமான இரண்டாம் வருஷம், விவரம் தெரியாமல், "கழுதை வந்திருக்கு, ஊரே தண்ணியில கிடக்கு" என்று ஸ்பெயினில் போட்டிக்குப் போயிருந்தவனிடம் சொல்லிவிட்டேன். அன்று இரவு அவன் தூங்கவில்லை. மறுநாள் முதல் சுற்றிலேயே ஒரு பொடியனிடம் தோற்றான். ஊருக்கு வந்தபோது மணலும் போயிருந்தது. இரண்டு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் பிஹி துறைமுகத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: "இனிமே வெளிநாட்டுல இருக்கிறவனுக்குக் கடல் எப்பவும் தட்டுதான். எவனாவது வாயத் திறந்தீங்க, வலையில சுத்திப் போட்டுருவேன்."

அதன் பிறகு கழுதை நான்கு முறை வந்தது. நான்கு முறையும் தட்டு என்றேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பெருமையாகவும் இருக்கும், வயிறும் எரியும். ஒரு வார்த்தை சொன்னால் ஓடி வந்துவிடுவான், நான்தான் அவனுடைய நல்லதுக்காகச் சொல்லாமல் இருக்கிறேன் என்று எனக்குள் ஓர் எண்ணம். அந்த எண்ணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன்.

இந்த நவம்பரில் அவன் போர்ச்சுகலில் இருந்தான். வருஷத்தின் கடைசிப் போட்டி. பட்டியலில் பதினான்காவது இடம். முதல் பத்துப் பேருக்குத்தான் அடுத்த வருஷம் பெரிய போட்டிகளில் இடம். எங்கள் கரையிலிருந்து யாரும் அதுவரை போனதில்லை. அவனுக்கு முப்பத்துநான்கு முடிந்துவிட்டது. இந்த முறை விட்டால் இனி இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று சுற்று ஜெயித்திருந்தான். இன்னும் இரண்டு ஜெயித்தால் போதும். அங்கே கடல் படுத்துவிட்டதால் போட்டியை மூன்று நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அந்த மூன்று நாளில் ஒரு நாள் நான் குழந்தை இல்லாத விஷயமாக அகாதிர் டவுனில் டாக்டரம்மாவிடம் போனேன். அவனுடைய பரிசோதனைத் தாள்களையும் கொண்டுபோயிருந்தேன். டாக்டரம்மா இரண்டு பேர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"உங்களுக்கும் குறை இல்ல, அவருக்கும் குறை இல்ல. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கணும், அவ்வளவுதான். அதுக்கு நான் மாத்திரை எழுத முடியாது" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "முப்பத்தாறு ஆகுது உங்களுக்கு. தள்ளிப் போடாதீங்க."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஊர் வளைவு வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, கடையைத் திறந்து, மத்தி மீனுக்கு மசாலா அரைத்தேன். துறைமுகத்து ஓரம் மீன் வறுத்து விற்கிற கடை என்னுடையது. பிஹி வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்து தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஃபோன் வந்தது.

"கடல் எப்படி இருக்கு?"

"கழுதை வந்திருக்கு."

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

"எப்போ?" என்றான்.

"நேத்து சாயங்காலம். ஆறு போன வாரமே மணலைக் கொட்டிட்டுப் போயிடுச்சு. பாறையிலேருந்து கிளம்பினா துறைமுகச் சுவர்லதான் விடுது."

"காத்து?"

"கரையிலேருந்து அடிக்குது. உனக்குப் பிடிச்ச மாதிரியே."

"சரி" என்றான். வைத்துவிட்டான்.

பிஹி டம்ளரைக் கீழே வைத்தார். "தங்கச்சி, திரும்பி அந்தக் கடலைப் பாரு. கோழி நடந்து போகலாம் அதுமேல."

"எனக்குக் கண்ணு தெரியும்ண்ணே."

"நாளன்னைக்கு அவனுக்கு ஆட்டம் இருக்கு. அவன் ஆட்டத்தைக் கெடுக்கிற நீ."

"என் ஆட்டம் கெட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு. அப்ப எங்க போனீங்க நீங்க எல்லாம்? வலையில சுத்த ஆளத் தேடிட்டிருந்தீங்க."

மனுஷன் எழுந்து போய்விட்டார். தேநீரைக்கூட முடிக்கவில்லை.

அன்று சாயங்காலம்வரை மூன்று முறை ஃபோனைக் கையில் எடுத்தேன். பொய் சொன்னேன், வராதே என்று சொல்லிவிட ஐந்து விநாடி போதும். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. அவன் தோற்கட்டும் என்று நான் நினைக்கவில்லை, அது சத்தியம். வரட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அவன் தலையணையில் அவன் தலை இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு என்ன விலை என்று தெரிந்துதான் நினைத்தேன்.

மறுநாள் மதியம் டாக்சி வளைவில் நின்றது. லஹ்சென் பலகைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று முடிச்சில்தான் முழுக் கவனம். ஒருவர்கூட நிமிரவில்லை. அவன் முனைவரை நடந்துபோய்க் கழுதைப் பாறைக்கு எதிரே நின்றான். கடல் அசையாமல் கிடந்தது. பாறையில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. நான் வாணலியில் மீனைத் திருப்பிப் போட்டேன். கருகிவிட்டது. வேறு மீனைப் போட்டேன்.

கடைக்கு வந்து பலகையைச் சுவரில் சாய்த்தான். கையைக் கழுவினான். நான் தட்டை வைத்ததும் ரொட்டியைப் பிய்த்து மீனோடு சேர்த்துத் தின்றான். ஒரு மீன் தின்றான், இரண்டாவதும் தின்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அலையும் இல்ல, மணலும் இல்ல" என்றேன். "பொய் சொன்னேன். டாக்டரம்மா ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கணும்னு சொன்னாங்க. எனக்கு வேற என்ன சொன்னா நீ வருவேன்னு தெரியல. இப்ப அடி, வை, என்ன வேணா பண்ணு."

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அலை இல்லன்னு." முள்ளை எடுத்து ஓரமாக வைத்தான். "கழுதை வந்தா இந்தக் கடையில நின்னு மனுஷன் சாதாரணமா பேச முடியுமா? அந்தச் சத்தத்துல தொண்டை கிழியக் கத்தணும். நீ நாலு தடவ கத்தியிருக்க கெல்தூமா. 'தட்டு மாதிரி கிடக்கு! தட்டு மாதிரி கிடக்கு!'ன்னு. ஒரு தடவ ஹவாய்ல என் ரூம்ல இருந்த பையன் எழுந்து, யாருக்காவது ஆபத்தான்னு கேட்டான். நேத்துதான் மெதுவா பேசின. உன் மூச்சுகூடக் கேட்டுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். இரண்டையும் ஒதுக்கிவிட்டுக் கோபம்தான் முன்னால் வந்து நின்றது.

"அப்ப நாலு தடவையும் தெரியும் உனக்கு. தெரிஞ்சும் வரல."

"வந்துடக் கூடாதுன்னுதானே அந்தக் கத்து கத்தின? எனக்காகக் கத்துறாளேன்னு நானும் பல்லைக் கடிச்சிட்டு அங்கயே இருந்தேன். நேத்து நீ கத்தல. டிக்கெட் போட்டேன்."

"உன்ன யாரு பல்லைக் கடிக்கச் சொன்னது? பதினோரு வருஷம் நான் ஒருத்தி கடிச்சது போதாதா?"

அவன் மூன்றாவது மீனை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை போர்ச்சுகலில் கடல் எழுந்துவிட்டது. போட்டியை ஆரம்பித்தார்கள். லஹ்சென் பாயில் உட்கார்ந்து, போட்டியைப் பார்க்க ஃபோனைச் சர்க்கரைக் கிண்ணத்தின்மேல் சாய்த்து வைத்தான். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் பெயர் வாயில் நுழையாத வர்ணனையாளன் ஒருவன் அதை மூன்று விதமாகச் சொல்லி, ஆள் வரவில்லை என்றான். பிரேசில்காரன் ஒருவன் நீலச் சட்டையோடு தண்ணீரில் தனியாக இருந்தான். லஹ்செனின் சிவப்புச் சட்டை இருக்கவேண்டிய இடத்தில் யாரும் இல்லை. எதிராளி இல்லாததால் அவன் சும்மா இரண்டு சின்ன அலையில் ஏறி இறங்கினான். அப்போது ஒரு பெரிய அலை எழுந்து வந்தது. பிரேசில்காரன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் யாருமே ஏறவில்லை. ஆளில்லாமல் கரைவரை வந்து உடைந்தது.

லஹ்செனின் தோள் என் பக்கத்தில் அசைந்தது. அந்த அலையை அவன் உட்கார்ந்த இடத்திலேயே பிடித்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நான் வாசலைப் பார்த்தது அந்த முகத்தோடுதான். பக்கத்தில் இருந்தும் அவன் வீட்டுக்கு வந்து சேரவில்லை. அவனுக்காக அப்போதும் ஏங்கினேன்.

"போயிருந்தா ஜெயிச்சிருப்பியா?" என்று கேட்டேன்.

தட்டு மாதிரி ஒரு பொய்யை அவனும் சொல்லியிருக்கலாம்.

"ஜெயிச்சிருப்பேன்" என்றான்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முப்பது நிமிஷம் முடிந்து சங்கு ஊதும்வரை ஃபோனில் அந்தக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.