ஒரே பெஞ்சின் இரண்டு முனைகள்

1

இது ரோசெட்டா எனக்குச் சொன்ன கதை. அமெரிக்காவின் ஓக்லண்டில், எங்கள் தேவாலயத்தின் ஞாயிறு சாப்பாடு முடிந்து, மீன் முள் கிடந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். "எழுதிக்கோ. ஆனா என்னைச் சிலையாக்கிடாத."

இப்படித் தொடங்கினேன்:

புரட்சியின் அந்தப் பொன்னாட்களில், கறுப்பின இளைஞர்களின் விழிகளில் கனன்ற...

(வேண்டாம். சிரித்தே செத்துப்போவாள்.)

2

அவளும் ஆல்வினும் அறுபதுகளின் கடைசியில் கறுப்பின விடுதலை இயக்கத்தில் இருந்தவர்கள். காலையில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சோளக்கூழும் முட்டையும் ஆக்கிப் போடுவார்கள். மாலையில், போலீஸ் யாரையாவது மடக்கினால் சட்டப் புத்தகத்தோடு போய் நின்று, மாட்டியவரின் உரிமைகளைச் சத்தமாக வாசிப்பார்கள். அடுத்த வருஷமே உலகம் மாறிவிடும், கல்யாணத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். அதற்குள் ஒரு துப்பாக்கிச்சூட்டு வழக்கில் ஆல்வின் உள்ளே போனான். வெளியே வந்தபோது கிழவன். பரோலில், அதாவது கண்காணிப்போடு வெளியே விட்டதில், ஒரு நிபந்தனை: பழைய தோழர்கள் யாரோடும் பேசக் கூடாது. பேசினால் மறுபடி சிறை.

(அவன் சுட்டானா? நான் எழுதிப் பார்த்த இரண்டு பதிலும் பொய்யாக ஒலித்தன. அடித்துவிட்டேன்.)

3

ஒரு முற்பகலில் பஸ் நிறுத்தத்தில் அவனைக் கண்டாள். பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். இருவரும் சாலையைப் பார்த்தபடியே பேசினார்கள்.

"திரும்பாத. நீ யாரோ, நான் யாரோ."

"யாரோ ஒரு பொம்பள இன்னும் அதே மாதிரி அதட்டுறா."

"கூடை கூடையா முடி வச்சிருந்தியே, எங்கய்யா போச்சு?"

"அரசாங்கம் பறிமுதல் பண்ணிடுச்சு."

அவள் சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

"நாம ஜெயிச்சோமா, ரோசி?"

"தெரியல. நாம இருந்த தெருவுல இப்ப நம்மாளுங்களால வாடகை குடுக்க முடியல. பிள்ளைங்க சாப்பிட்டாங்க. அது மட்டும் நெசம்."

"கல்யாணம் பண்ணிக்கிட்டியாமே."

"நல்ல மனுஷன். போய்ச் சேந்துட்டாரு. உன்னைப் பத்தி நான் பேசினதில்ல, அவரு கேட்டதுமில்ல."

"உள்ள இருந்தப்ப தெனம் உன்கூடப் பேசுவேன். இப்ப ஒண்ணும் வர மாட்டேங்குது."

4

பஸ் வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினான். படியில் நின்று, முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்தான். "ரோசெட்டா!" என்றான், பஸ்ஸே கேட்கும்படி.

ஓட்டுநர் பெண் கேட்டாள்: "ஏறுறீங்களாம்மா?"

ரோசெட்டா இதற்குமேல் சொல்லவில்லை. அவளை ஏற்றி ஒரு முடிவு எழுதினேன்; அடுத்த நிறுத்தத்தில் போலீஸ் வந்து... அடித்தேன். உட்காரவைத்து இன்னொன்று எழுதினேன். அதை என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். ஏறட்டும் என்பவர்கள், அவன் மறுபடி உள்ளே போனால் அவள் எப்படி உயிர் வாழ்வாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்பவர்கள், படியில் நிற்கும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.